கரையோர ஓய்வு

களரிப்பாக்கம் ஏரிக்குப் பதிலாக ஒரு பூங்கா பரிந்துரைக்கப்பட்டிருந்தது. பெஞ்சுகளை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று முடிவு செய்ய என்னை அனுப்பினார்கள்.

பெஞ்சு எட்டு. வேப்பங்கன்று முப்பது. நடுவில் ஒரு பெரிய திரை. அதில் ஏரியைப் படம்பிடித்த காட்சி காலை ஆறு மணியிலிருந்து ஓடும். ஏரியைப் பார்ப்பதால் மனிதருக்குக் கிடைக்கும் நிம்மதியில் எண்பது சதவீதம் திரையில் பார்த்தாலும் கிடைத்துவிடுகிறது என்று எங்கள் கணிப்பு சொல்லியிருந்தது. மீதி இருபதை வேப்பங்கன்றுகள் ஈடுகட்டும்.

நான் நீர்ப்பயன் ஆணையத்தில் கள மதிப்பீட்டாளன். எங்கள் முறையைப் புரிந்துகொள்வது சுலபம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டை கட்டியிருக்கிறோம். ஆறு, ஏரி, குளம் எதன் அருகில் போனாலும் அது பதிந்துகொள்ளும். நின்றாரா, குளித்தாரா, குடம் நிரப்பினாரா, மாடு கழுவினாரா என்பதையெல்லாம் சூட்டையும் அசைவையும் வைத்து யூகிக்கும். அதிலிருந்து, கணிப்பு என்று நாங்கள் சொல்லும் நிரல் மூன்று விடைகள் தரும். இந்த நீரால் யாருக்கு என்ன பயன்? அந்தப் பயனுக்கு என்ன ஆபத்து? பயன் போய்விட்டால் எதைக் கொண்டு ஈடுகட்டலாம்? பயன் குறைவு, மாற்று சுலபம் என்று வந்தால் அந்த நீர்நிலையை வேறு வேலைக்குக் கொடுத்துவிடலாம். களரிப்பாக்கத்தை ஒரு கணினிக் கூடத்தின் குளிர்நீர்த் தொட்டியாக்கக் கேட்டிருந்தார்கள். அடியில் சிமென்ட், சுற்றிலும் வேலி. எங்கள் கணிப்பும் அந்தக் கூடத்தில்தான் ஓடப்போகிறது.

என் இடது கையில் என் பட்டை. வலது கையில் என் மனைவி இதழினியின் பட்டை. அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்று நாள் காய்ச்சல். இறந்தவரின் பட்டையை முப்பது நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நான் ஒப்படைக்கவில்லை. மாதம் ஒருமுறை அவள் பெயருக்கு அறிக்கை வரும். 'இதழினி, இந்த மாதம் நீங்கள் நான்கு நீர்நிலைகளால் பயனடைந்தீர்கள். வாழ்த்துகள்.' நான் போன இடமெல்லாம் அவளும் போயிருப்பாள். முழுக்கைச் சட்டை போட்டால் வெளியே தெரியாது.

களரிப்பாக்கத்தில் பயனாளிகள் இருபத்து மூன்று பேர். எல்லாரும் இருளர் குடியிருப்புப் பெண்கள். இரண்டு வருடப் பதிவு இருந்தது. தினமும் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை கரையில் ஒரே இடத்தில் இருந்திருக்கிறார்கள். யாரும் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. கணிப்பு இதற்கு வைத்த பெயர் கரையோர ஓய்வு. காட்சி இன்பம், அதிகம். பிற பயன், இல்லை.

தினமும் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கும் பெண்களை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். அந்தப் பதினான்கு மாதங்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

காலை ஏழரைக்குக் கரையேறினேன். என் கைபேசித் திரையில் இருபத்து மூன்று புள்ளிகள் எனக்கு இருபதடி முன்னால் இருந்தன. அங்கே ஒரு கருவேல மரம்தான் நின்றது. மரத்தடியில் யாரும் இல்லை. கிளைகளில் பட்டைகள் தொங்கின. முள்ளில் மாட்டி, பக்கத்தில் பக்கத்தில், இருபத்து மூன்று. காற்றில் ஆடின. நிழலில் சூடு முப்பத்திரண்டு டிகிரி. மணிக்கட்டுத் தோலின் சூடும் கிட்டத்தட்ட அதுதான். பட்டைகள் தாங்கள் கைகளில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தன.

ஏரியில் தலைகள் தெரிந்தன. கழுத்துவரை தண்ணீர். கைகள் அடியில் எதையோ துழாவின. நான் கூப்பிட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், வாய் திறக்கவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு பெண் கரையை நோக்கி நடந்து வந்தாள். அவள் ஒரு ஓலைப் பையைப் பல்லில் கடித்துப் பிடித்திருந்தாள். அதை வாயிலிருந்து எடுத்த பிறகுதான் பேசினாள்.

"இன்னா சார், பறிய வாயில கவ்விக்கினு எப்பிடிப் பேசறது?"

அவள் பெயர் சம்பூரணம். ஐம்பது வயது இருக்கும். பறிக்குள் இறால்கள் துள்ளின. இரண்டு கையும் சேற்றில் துழாவ வேண்டும், பிடித்ததைப் போட மூன்றாவது கை வேண்டும், அந்த மூன்றாவது கை வாய். அவள் அம்மாவும் இப்படித்தான் பிடித்தாளாம். குடியிருப்பில் நாற்பது வீடுகள். எல்லா வீட்டுச் சோறும் இந்தப் பறிகளிலிருந்துதான் வருகிறது.

பட்டையை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன்.

"கையி வெறுங்கையா இருக்கணும் சார். கண்ணாடி வளையல்கூட கழட்டிட்டுத்தான் எறங்குவோம். இது தண்ணில பட்டா உர்ர்ருனு ஒதறுது. எறாவுக்கு ஒடம்பு பூரா காது. ரெண்டு கை நீட்ற தூரத்துலயே ஓடிப்பூடும்."

உண்மைதான். ஆழம் அறிவதற்காகப் பட்டை நீருக்குள் பத்து நொடிக்கு ஒருமுறை அதிரும். அதை நாங்கள் ஒரு சிறப்பம்சமாக விளம்பரம்கூடச் செய்திருந்தோம்.

அப்படியானால் வீட்டிலேயே விட்டு வந்திருக்கலாமே என்றேன். அதற்குப் பதில் சொன்னது, பின்னாலேயே கரையேறிய அவள் மருமகள் ரோசா. பட்டை கட்டிய அன்று வந்த அதிகாரி, ஏரிக்குப் போகும்போது கட்டாயம் கொண்டுபோக வேண்டும், தொலைத்தால் ரேஷன் நிற்கும் என்று சொல்லியிருக்கிறார். அதனால் கொண்டுவந்தார்கள். தொலையாமல் இருக்க, தண்ணீரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒரே மரத்தில் மாட்டினார்கள். இரண்டு வருடத்தில் ஒன்றுகூடத் தொலையவில்லை. ரோசா அதைப் பெருமையாகச் சொன்னாள்.

அவர்களைப் பற்றி எங்களிடம் என்ன பதிவாகியிருக்கிறது என்று படித்துக் காட்டினேன். கரையோர ஓய்வு. காட்சி இன்பம்.

ரோசா சிரித்ததில் இரண்டு பேர் பறியை நழுவவிட்டார்கள். "அத்தே, நாம டெய்லி காத்து வாங்க வர்றோமாம். மகாராணிங்க."

சம்பூரணம் சிரிக்கவில்லை. பூங்காவைப் பற்றிக் கேட்டாள். பெஞ்சு, திரை, வேப்பங்கன்று என்று சொன்னேன். ஏரி என்ன ஆகும் என்றாள். அதையும் சொன்னேன். அவள் பறியின் வாயைச் சுருக்கிக் கட்டினாள். "டீவில ஓடற ஏரில கைய வுட்டா எறா வருமா சார்?" என்றாள். கிண்டலாகக் கேட்டதாகத் தோன்றவில்லை. நான் படித்தவன், எனக்குத் தெரிந்திருக்கலாம் என்பதுபோல் கேட்டாள்.

பெஞ்சு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற கட்டத்தை நிரப்பாமல் திரும்பினேன்.

எங்கள் இணை இயக்குநர் மாதங்கி மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். மோசமானவர் இல்லை. இதழினியை எடுத்தபோது மயானம்வரை வந்த ஒரே அதிகாரி அவர். மறு ஆய்வுக்கு மூன்று பேர் குழு போட்டார். அவர், ஆணைய உறுப்பினர் ஒருவர், பட்டையைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர். பொறியாளருக்கு என் வயதுதான் இருக்கும்.

பெண்கள் தண்ணீரில் நிற்கும் படங்களைக் காட்டினேன். ஒரு நாள் படம் என்றார்கள். பதிவோ இரண்டு வருடத்தது. என் பட்டையை மரக்கிளையில் கட்டிப் பார்த்ததையும் காட்டினேன். ஒரு மணி நேரம் நான் கரையோர ஓய்வில் இருந்ததாகப் பதிவாகியிருந்தது. அனுமதி வாங்காத சோதனை என்று தள்ளினார்கள்.

பொறியாளர் பொறுமையாக விளக்கினார். கணிப்பின் பலமே இதுதான் என்றார். மக்கள் வாயால் சொல்வதை அது நம்பாது. மக்கள் கூட்டிச் சொல்வார்கள், பயந்து குறைத்துச் சொல்வார்கள். பட்டை பொய் சொல்லாது. ஒரு கோடியே எழுபது லட்சம் பட்டைகள் இயங்குகின்றன. ஆள் இல்லாத இடத்தில் ஆள் இருப்பதாக ஒரு பட்டைகூட இதுவரை காட்டியதில்லை.

"ஏற்கெனவே பதிவுல இருக்கற ஒரே ஒரு தப்பக் காட்டுங்க சார். ஒண்ணு போதும். நாங்க களரிப்பாக்கத்தத் திரும்ப அளக்கறோம்."

எனக்கு அந்த ஒன்று தெரியும். பதினான்கு மாதமாகத் தெரியும். அதைக் காட்டினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். காட்டாவிட்டால் நாற்பது வீடுகளுக்கு எட்டு பெஞ்சு. யோசிக்க நேரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்டையைக் கொடுத்திருக்க மாட்டேன். வலது கைச் சட்டையை மடித்துப் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"இது என் மனைவியோடது. அவ இறந்து பதினாலு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் முப்பத்தேழு நீர்நிலைக்குப் போயிருக்கா. போன வாரம் களரிப்பாக்கத்துல இருந்திருக்கா. எடுத்துப் பாருங்க."

பொறியாளர் பட்டையின் எண்ணைத் தட்டிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். வரைபடத்தில் அவளுடைய புள்ளிகள் என் புள்ளிகளின் மேல் அப்படியே படிந்திருந்தன. உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல நவிலன்?" என்று மாதங்கி கேட்டார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டேன். அவர் பட்டையை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே எண்ணை எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். என்மீதான நடவடிக்கை களரிப்பாக்கம் அறிக்கை முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும் என்றார். மாலை நான்கு மணிக்கு என் கைபேசிக்கு ஒரு வரி வந்தது. 'பயனாளி நீக்கப்பட்டார்.'

குழுவின் ஆணை அரைப் பக்கம். கரையோர ஓய்வு என்ற பழைய பதிவு செல்லாது. அதனால் களரிப்பாக்கத்தில் இப்போதைக்குப் பயனே இல்லை. இருபத்தொரு நாள் மறு அளவீடு நடக்கும். இருபத்து மூன்று பட்டைகளும் நீருக்குள் இருக்க வேண்டும். தினமும் பிடித்ததை நிறுத்துக் குறிக்க வேண்டும். எடை இல்லையென்றால் பயன் இல்லை.

பூங்காவைக்கூட எடுத்துவிட்டார்கள். பயனே இல்லாத இடத்துக்கு மாற்று எதற்கு?

ஆணையைச் சம்பூரணத்திடம் சொன்னேன். பட்டையோடு இறங்கினால் இறால் ஓடும், இறால் ஓடினால் எடை வராது, எடை வராவிட்டால் ஏரி போகும். இதையெல்லாம் நான் சொல்லும் முன்பே அவள் புரிந்துகொண்டாள். படிச்சவங்க எல்லாம் சேர்ந்து உட்கார்ந்துதான் இதை முடிவு பண்ணீங்களா என்று மட்டும் கேட்டாள்.

முதல் ஐந்து நாள் எல்லாரும் பட்டையோடு இறங்கினார்கள். வெறுங்கையில் ஒருத்தி இரண்டு கிலோ பிடிப்பாள். இப்போது இருபத்து மூன்று பேரும் சேர்ந்து இரண்டு கிலோ. மூன்றாம் நாள் முதல் குடியிருப்பில் இரண்டு வேளையும் கஞ்சிதான். நான் தராசோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். என் படிவத்தில் நீரின் நிறத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. பறவைகளுக்கு ஒரு கட்டம் இருந்தது. காட்சி இன்பத்துக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. பசிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அந்தப் படிவத்தை ஆறு வருடமாக நிரப்பி வந்திருக்கிறேன். அன்றுதான் அது கண்ணில் பட்டது. கோபம் வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த கோபம் என்பதால் முதலில் வயிற்றுக் கோளாறு என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் ரோசா ஒரு வழி சொன்னாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். "இந்தச் சனியன் எறாவத் தொரத்துது இல்ல? தொரத்தட்டும். நாம எதுத்தாப்புல நிப்போம்."

ஆணையை எடுத்து மறுபடி படித்தேன். பட்டைகள் நீருக்குள் இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. யார் கையில் என்று இல்லை. பன்னிரண்டு பேர் மேற்குக் கரையில் இறங்கினார்கள். மற்றவர்களின் பட்டைகளையும் வாங்கி, கைக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டார்கள். பதினொரு பேர் கிழக்கே கோரைப் புல் ஓரம் வெறுங்கையோடு நின்றார்கள். மேற்கிலிருந்து அவர்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். யார் கையில் எத்தனை பட்டை, யார் வெறுங்கை என்று தினமும் எழுதினேன், படமெடுத்தேன். ஏன் எழுதினேன் என்றால் அது என் வேலை. வேறு எண்ணம் எதுவும் அப்போது இல்லை.

கிழக்கே தண்ணீர் கொதிப்பதுபோல் ஆயிற்று. அன்று நிறுத்தது அறுபத்தெட்டு கிலோ. தராசில் இரண்டு தவணையாக வைத்தேன். பெண்கள் கரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். சம்பூரணமும் சிரித்தாள். மறுநாள் எழுபத்திரண்டு. அதற்கடுத்த நாள் எண்பது. கணிப்பில் களரிப்பாக்கத்தின் நிறம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, பச்சையாயிற்று.

பதின்மூன்றாம் நாள் சம்பூரணம் தன் பறியை என் முன்னால் தரையில் கொட்டினாள். பாதிக்கு மேல் சினை இறால். வயிற்றுக்கு அடியில் முட்டைகள் திரள் திரளாக ஒட்டியிருந்தன.

"வெறுங்கையில தடவுறப்பவே வெரலுக்குத் தெரியும், இது தாயின்னு. வுட்டுடுவோம். தாயத் தொட்ட கைய ஒடனே எடுத்துரணும், எங்களுக்குப் பொறந்ததுலேந்து அதான் பழக்கம். இப்ப கும்பலா ஓடியாறதுல எது தாயி எது புள்ளன்னு யாரு பாக்கறது?"

அவள் குரல் உயரவில்லை. நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எத்தினி நாளு?"

"எட்டு."

"பாதில வுட்டா?"

"கணக்குல எடுக்க மாட்டாங்க. பயன் இல்லேன்னு எழுதிடுவாங்க."

அவள் இறால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். சிலது இன்னும் உயிரோடு இருந்தன. அவற்றைத் தண்ணீரில் விட்டாள். மற்றதைத் தராசில் வைத்தாள். எடையோடு, பாதிக்கு மேல் சினை என்பதையும் படிவத்தில் குறித்தேன். அன்று ரோசாவை அவள் ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனாலும் மறுநாள் ஆறு மணிக்கு எல்லாரும் இறங்கினார்கள். மீதி எட்டு நாளும் இறங்கினார்கள். கடைசி இரண்டு நாள் எடை தானாகவே குறைந்தது. ஏரியில் இறால் குறைந்துவிட்டது.

இருபத்தொன்றாம் நாள் கடைசி எடையைப் பதிந்ததும் முடிவு வந்தது. கரையிலேயே பார்த்தேன்.

பயன், மிக அதிகம். மாற்று, இல்லை. ஏரியை வேறு எதற்கும் தரக் கூடாது.

அதுவரை படித்துவிட்டுச் சம்பூரணத்தைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் அடுத்த பக்கமும் வந்துவிட்டது.

ஆபத்து, மிக அதிகம். தாய் இறால் அழிவு. ஆபத்தின் மூலம், இருபத்து மூன்று பயனாளிகள். அவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஏரியில் இறங்கத் தடை. கீழே பெயர்கள் இருந்தன. முதல் பெயர் சம்பூரணம். மாலை ஐந்து மணிக்குள் கள மதிப்பீட்டாளர் உறுதி செய்ய வேண்டும்.

மறைக்க எனக்குத் தெரியவில்லை. படித்துக் காட்டினேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தங்கள் பெயர் வரும்போது சிலர் தலையாட்டினார்கள், ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல.

பெயர்கள் முடிந்த பிறகு சம்பூரணம் பேசினாள்.

"ரெண்டு வருசம் தண்ணில கெடந்தோம். ஒக்காந்துகினு இருந்தோம்னு எழுதுனீங்க. ஒங்க ஆபீசுக்கோசரம் ரெண்டு வாரம் தப்பாப் புடிச்சோம். என் கையால புடிச்சேன். இப்ப இந்த ஏரிக்கு ஆவாதவங்க நாங்களா?"

ரோசா பட்டையைக் கழற்றி என் காலடியில் எறிந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் எறிந்தார்கள். இருபத்து மூன்றும் மணலில் கிடந்தன. ஈரத்தில் ஒன்றிரண்டு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தன.

நான் அங்கேயே உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன்.

'ஆபத்தின் மூலம்' என்ற கட்டத்தில் கணிப்பு சொன்னதை மாற்றும் உரிமை கள மதிப்பீட்டாளருக்கு உண்டு. ஆதாரம் இணைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட மாற்றியதில்லை. மாற்றிய யாரையும் எனக்குத் தெரியாது. ஆகாயத்தாமரை, ஆலைக்கழிவு, மணல் அள்ளும் இயந்திரம் என்று ஒரு நீளப் பட்டியல் வரும். அதில் நான் தேடியது இல்லை. கடைசியில் 'பிற' என்று ஒரு வரி இருந்தது.

அதில் 'ஆணையத்தின் அளவீட்டுப் பட்டை' என்று எழுதினேன்.

வெறுங்கையில் பிடித்த காலத்தில் தாய் இறாலுக்குச் சேதம் இல்லை. பட்டை இறங்கிய பிறகு சேதம். பட்டையோடு நடந்தவர்கள் இறாலை விரட்டினார்கள், விரட்டியது அவர்கள் கால் இல்லை, பட்டையின் அதிர்வு. நாள்வாரியாக எடை, யார் கையில் எத்தனை, படங்கள், எல்லாவற்றையும் இணைத்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் எழுதிய அறிக்கைகளில் அதுதான் சரியானது.

கணிப்பு ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதற்கு வெட்கம் கிடையாது. தன்னைப் பற்றிய ஆதாரத்தையும் மற்றதைப் போலவே எடை போட்டது. மூலம் ஏற்கப்பட்டது என்று சொன்னது. பிறகு ஆணையை அதுவே எழுதியது. களரிப்பாக்கம் காக்கப்பட்ட நீர்நிலை. ஏரியிலும் கரையிலிருந்து இருநூறு மீட்டர் வரையிலும் அளவீட்டுப் பட்டைகளுக்கு ஐந்து ஆண்டுத் தடை. பயனாளிகள் மீது தடை ஏதும் இல்லை.

சம்பூரணத்திடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு, இறால் பழையபடி வர இரண்டு மழையாவது ஆகும் என்றாள். அதுவரை நத்தையும் நண்டும்தான். மணலில் கிடந்த பட்டைகளை நான் ஒரு சாக்கில் அள்ளி, இருநூறு மீட்டர் தாண்டி வைத்தேன்.

மறுநாள் காலை என் அடையாள அட்டை செயலிழந்திருந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் களரிப்பாக்கத்துக்குப் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. ஒன்பது மணிக்கு மாதங்கி மேடம் அழைத்தார். என்னைத் திட்டவில்லை. குரல் களைத்திருந்தது.

"என் ஸ்கிரீன்ல களரிப்பாக்கத்துல ஒருத்தர்கூட இல்ல நவிலன். இப்ப அங்க யார் இருக்காங்க?"

எனக்கு முன்னால் இருபத்தொரு தலைகள் நீருக்கு மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. சம்பூரணமும் ரோசாவும் கரையில் நத்தைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கிரீன்ல யாரும் இல்லேன்னா யாரும் இல்ல மேடம்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"தொட்டிக்கு வேற ஏரி பாத்தாச்சு," என்றார். "ஆலத்தண்டலம். உங்க எடத்துலேந்து பதினெட்டு கிலோமீட்டர். நேத்து சாயங்காலமே ரிப்போர்ட் வந்துடுச்சு. நாப்பத்தொரு பேர். காலைல ஆறுலேந்து பதினொண்ணு வரைக்கும் கரையோர ஓய்வு. பெஞ்சு பாக்க நாளைக்கு ஆள் அனுப்பறோம்."

இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்குள் வைத்துவிட்டார்.

ஆலத்தண்டலத்தில் யார் இருக்கிறார்கள் என்று சம்பூரணத்திடம் கேட்டேன்.

"எங்க சித்தப்பா மவ பச்சையம்மா கீறா. அவ வூட்டாளுங்க எல்லாம் அங்கதான். ஏன்?"

"இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருப்பாங்க?"

"இன்னா பண்ணுவாங்க, தண்ணில கெடப்பாங்க."

வண்டியை எடுத்தேன். அவள் நத்தைக் கூடையை ரோசாவிடம் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். "இரு தம்பி, நானும் வரேன். பேண்டு சட்டையப் பாத்தா அவ பேச மாட்டா," என்று சொல்லி, ஈரப் புடவையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.